ஐந்து எண்ணும் வரை

வகுப்பறை என்று ஒன்று உலகத்தில் தோன்றிய நாளிலிருந்து இன்றுவரை, பாடம் நடத்துவதில் கற்றுக்கொள்ள வேண்டிய அத்தனையையும் கற்று முடித்துவிட்ட ஒரே மனிதர் அந்த அரசுப் பள்ளியின் பிசிக்ஸ் சார்தான். இதைச் சொன்னவரும் அவரேதான். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவருக்கே நம்பிக்கை வந்திருக்காது. மற்றவர்களுக்கு இதைப் பற்றி என்ன தெரியும்?

சொன்ன இடம் ஆசிரியர் அறை. நேரம் காலை இடைவேளை. மேசை மேல் ஏழு டம்ளர் டீயும், ஒரு தட்டு பிஸ்கட்டும், ஒரு கட்டுப் படிவமும் இருந்தன. பிஸ்கட் நமுத்திருந்தது. படிவம் புதுசு.

"இருபத்திரண்டு வருஷம் சார்," என்றார் பிசிக்ஸ் சார். "வகுப்புல எப்படி நிக்கிறதுன்னு எனக்குச் சொல்லித்தர ஒருத்தன் இனிமே பொறந்துதான் வரணும். அப்படியே பொறந்தாலும் என்கிட்டதான் படிக்க வருவான்."

அந்தப் படிவம் வருடா வருடம் வரும். ஆசிரியர்களை அடுத்த மூன்று வருடத்தில் எப்படி மேம்படுத்துவது என்று மேலிடம் திட்டம் போடுவதற்காக அனுப்புவது. அதில் ஏழாவது கேள்வி: 'தங்களுக்குத் தேவைப்படும் பயிற்சி யாது?' பள்ளியில் எல்லோரும் போன வருட நகலைப் பார்த்து 'கணினிப் பயிற்சி' என்று எழுதுவார்கள். போன வருடம் அதற்கு முந்தின வருட நகலைப் பார்த்து எழுதியிருப்பார்கள். அதனால் வருடா வருடம் ஒருவர் கணினிப் பயிற்சி தர வருவார். கணினி கொண்டுவர மாட்டார். கரும்பலகையில் ஒரு கணினியை வரைந்து, பாகங்களைக் குறித்து, மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார். கடைசியாக வந்தபோது அவர் வரைந்த கீபோர்டில் பாதி எழுத்துகளைக் காணோம். யாரும் கேட்கவில்லை. மேம்பாடு நல்லபடியாக முடிந்தது.

பிசிக்ஸ் சார் அந்த மரபை உடைத்தார். ஏழாவது கட்டத்தில் எழுதியதைச் சத்தமாக வாசித்தார்: "'எதுவும் தேவையில்லை. வேண்டுமென்றால் நான் வந்து சொல்லித் தருகிறேன்.'"

ஆசிரியர் அறை மேசையைத் தட்டிச் சிரித்தது. ஜன்னலோரம் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர் மட்டும் தலை நிமிரவில்லை. அவர் பிசிக்ஸ் சாரின் மனைவி. இருவரும் ஒரே ஸ்கூட்டரில் வந்து ஒரே ஸ்கூட்டரில் போகிறவர்கள். பள்ளி கேட்டுக்குள் நுழைந்ததும் அவர் 'டீச்சர்' என்பார், இவர் 'சார்' என்பார். கேட்டைத் தாண்டிவிட்டால் பழையபடி 'ஏம்மா', 'ஏங்க'.

சிரிப்பு அடங்குவதில் பிசிக்ஸ் சாருக்கு விருப்பம் இல்லை. "நம்ம டீச்சரைக் கேளுங்க. இதோட ஆறு பயிற்சி. போன மாசம் மூணு நாள் போயிட்டு வந்தாங்களே, அங்க என்ன சொல்லிக் கொடுத்தாங்க தெரியுமா? கேள்வி கேட்டுட்டு வாயை மூடிட்டு நிக்கணுமாம்! மனசுக்குள்ள அஞ்சு எண்ணணுமாம்! மூணு நாள் சோறு போட்டு, சும்மா நிக்கக் கத்துக் கொடுத்திருக்கானுங்க!"

சொன்னதோடு விடவில்லை. எழுந்து கெமிஸ்ட்ரி சார் முன்னால் போய் நின்றார். "சார், டீ ஆறிடுச்சா?" என்று கேட்டுவிட்டு, கண்ணை மேலே சொருகி, வாயை இறுக மூடி, கையைத் தூக்கி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"கேட்டப்ப சூடாத்தான் சார் இருந்துச்சு," என்றார் கெமிஸ்ட்ரி சார். "நீங்க எண்ணி முடிக்கிறதுக்குள்ள ஆறிடுச்சு."

கணக்கு டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு கூட்டலின் நடுவில் நின்றது. பிறகு அதே கூட்டலை மேலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தது.

மூன்று வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை முதல் பீரியடிலேயே தலைமையாசிரியை பிசிக்ஸ் சாரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உக்காருங்க சார்."

"பரவால்ல மேடம், வகுப்பு இருக்கு."

"உக்காருங்க. நின்னுக்கிட்டுப் படிக்கிற லெட்டர் இல்ல இது."

உட்கார்ந்து படித்தார். மலை மேல் ஆசிரியர் பயிற்சி மையம் ஒன்று புதிதாகத் தொடங்குகிறார்கள். பயிற்சி கொடுக்கப் பள்ளிக்கு ஓர் ஆசிரியரை இரண்டு வருடத்துக்கு அனுப்ப வேண்டும். இந்தப் பள்ளியிலிருந்து முதலில் தேர்வானவர் இயற்பியல் ஆசிரியர். காரணம்: தாமாக முன்வந்துள்ளார்.

"நான் எப்ப மேடம் முன்வந்தேன்?"

தலைமையாசிரியை ஒரு நகலை எடுத்து மேசையில் வைத்தார். ஏழாவது கட்டத்தைச் சுற்றி யாரோ பச்சை மையில் வட்டம் போட்டிருந்தார்கள். "'வேண்டுமென்றால் நான் வந்து சொல்லித் தருகிறேன்.' உங்க கையெழுத்துதானே?"

"அது சும்மா ஒரு பேச்சுக்கு எழுதினது."

"பேச்சுக்கு எழுதறதுக்குன்னு படிவத்துல கட்டம் இல்லையே சார். அவங்களுக்கு ஆள் வேணும். நீங்க வரேன்னு எழுதியிருக்கீங்க. அதுவும் இந்த வட்டாரத்துலயே 'கணினி'ன்னு எழுதாத ஒரே படிவம். பாத்ததும் பிடிச்சுப் போயிருக்கும்."

மலைக்கு பஸ்ஸில் ஏழு மணி நேரம். அதற்கு மேல் பஸ் போகாது, ஜீப்பில் இரண்டு மணி நேரம். பிசிக்ஸ் சார் பயந்துபோனார். ஜீப்பும் பஸ்ஸும் அல்ல காரணம். அவருக்கு நான்கு வருடமாகச் சர்க்கரை. தினமும் காலை ஆறரைக்கு இன்சுலின் ஊசி போட்டாக வேண்டும். போடுவது மனைவி. வகுப்பில் வெறும் கம்பியைக் கையில் பிடித்து மின்சாரம் நடத்துகிற மனிதர், அந்த ஊசியைக் கண்ணால் பார்த்தது கிடையாது. சட்டையைத் தூக்கிக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். முடிந்ததும் "போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, "போட்டாச்சு," என்று அவரே சொல்லிக்கொள்வார்.

"இதுக்கு மாற்று வழியே இல்லையா மேடம்?"

"இருக்கு. வியாழக்கிழமை பன்னிரண்டு மணிக்குள்ள திருத்தின படிவம் கொடுக்கலாம். உங்களுக்கும் ஒரு பயிற்சி தேவைப்படுதுன்னு நிரூபணம் ஆகணும். வாயால சொன்னா ஏத்துக்க மாட்டாங்க. முறையா ஒருத்தர் உங்க வகுப்புல உக்காந்து பாத்து, குறையை எழுதி, கீழே நீங்க 'ஏற்கிறேன்'னு கையெழுத்துப் போடணும். பாக்கிறவர் அதுக்கான பயிற்சி முடிச்சிருக்கணும். நம்ம பள்ளியில முடிச்சது ஒருத்தர்தான்."

யாரென்று அவர் கேட்கவில்லை. "மனைவி எழுதலாமா மேடம்?"

"எழுதக்கூடாதுன்னு விதி இல்ல. புருஷன் குறையை மனைவி சொல்லக்கூடாதுன்னு விதி போட்டா, எந்த வீட்ல சார் அது செல்லும்?"

கடிதத்தில் அவரைப் பற்றிய வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. தன்னைப் பற்றிய வரிக்குக் கீழே படிக்கும் வழக்கம் அவருக்கு இல்லை. மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

சாயங்காலம் வீட்டில் கணக்கு டீச்சர் முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஒன்பதாவது படிக்கிற மகள் பக்கத்தில் பாய் விரித்து வரைபடத்தில் நதிகளுக்கு நீலம் தீட்டிக்கொண்டிருந்தாள். பிசிக்ஸ் சார் நடந்தார். கூடம் சின்னது. நாலு எட்டு வைத்தால் சுவர் வந்துவிடும், திரும்பியாக வேண்டும்.

"ரெண்டு வருஷம்! நான் போயிட்டா நீ சமாளிப்பியா? சமாளிப்ப, உனக்கென்ன. நான்தான் செத்தேன். அங்க ஊசி யாரு போடுவா? ஒருத்தனும் போட மாட்டான். சோத்துக்கு என்ன பண்ணுவேன்? இந்த வீட்ல அரிசி எங்க இருக்குன்னுகூட எனக்குத் தெரியாது."

"மேல்தட்டுல நீல டப்பா—"

"தெரியாது! அதைத்தான் சொல்றேன்."

மகள் நதியிலிருந்து தூரிகையை எடுத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"ஏங்க," என்றார் கணக்கு டீச்சர். கையில் இருந்த கீரைத் தண்டை ஒடிக்காமல் வைத்திருந்தார். "அந்த மலை விஷயமா நானும் உங்ககிட்ட ஒண்ணு—"

"நீ ஒண்ணும் கவலைப்படாத. வழி கிடைச்சாச்சு. நீதான் எழுதித் தரணும். பெருசா ஒண்ணும் வேண்டாம். 'போர்டுல எழுத்து சின்னதா இருக்கு, கடைசி பெஞ்சுக்குத் தெரியல'ன்னு ஒரு வரி போதும். கையெழுத்துப் பயிற்சின்னு ஒரு நாள் போட்டுருவான். கௌரவமாவும் இருக்கும். இப்பவே எழுதிடு."

"பாக்காம எழுத மாட்டேன்."

"பதினேழு வருஷமா பாத்துக்கிட்டுத்தானே இருக்க?"

"வீட்ல பாத்ததை எழுதினா ஒரு படிவம் பத்தாதுங்க," என்றபடி தண்டை ஒடித்தார். "புதன்கிழமை மூணாவது பீரியட் எனக்கு ஓய்வு. வந்து உக்காந்து பாக்கிறேன். பாக்கிறதை எழுதறேன்."

புதன்கிழமை காலையிலிருந்தே வானம் மூடிக்கொண்டு புழுங்கியது. மின்விசிறி சுற்றியதே தவிரக் காற்று வரவில்லை. நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் நோட்டால் விசிறிக்கொண்டிருந்தார்கள். கணக்கு டீச்சர் கடைசி பெஞ்சில், ஒட்டடைக்குச்சி மாதிரி ஒல்லியான ஒரு பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, முழங்கால் மேசையில் இடிக்காமல் காலை மடக்கிக்கொண்டார்.

பிசிக்ஸ் சார் உள்ளே வந்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த மனிதருக்கு வகுப்பு எடுக்கத் தெரியும். மின்தடையை விளக்க, கல்யாண வீட்டுப் பந்தி வாசலை வரைந்தார். அகலமான வாசல், குறுகலான வாசல், இடித்துக்கொண்டு போகும் கூட்டம். கூட்டத்தில் ஒருவருக்குத் தன் முகத்தையே போட்டார். வகுப்பு சிரித்தது.

"கம்பி நீளமானா தடை என்ன ஆகும்? கூடும்! ஏன் கூடும்? மோதல் கூடும்! யாரு யாரு மேல மோதுறாங்க? எலக்ட்ரான் அணு மேல மோதுது! அப்ப கம்பி தடிச்சா? குறையும்! ஏன் குறையும்? வாசல் பெருசு! சரிதானா? சரிதான்!"

"ஆமா சார்," என்றது வகுப்பு. இடைவெளி கிடைத்த இடத்தில் அதையாவது சொல்லிவைத்தது.

நடுநடுவே அவர் கடைசி பெஞ்சைப் பார்த்துக்கொண்டார். அங்கே பென்சில் ஓயாமல் அசைந்தது. குறிப்பு எடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தார். பதினேழு வருடம் கழித்தாவது இவளுக்கு உறைத்ததே என்று குரலை இன்னும் கொஞ்சம் ஏற்றினார். ஒல்லிப் பெண்ணின் விரல் மேசைக்கு மேலே பாதி எழும்பியதும், எழும்பிய விரல் காதைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியதும் அவர் கண்ணில் படவில்லை.

மணி அடித்தது. வெளியே வந்ததும் மனைவியிடம் கேட்டார்: "எப்படி? பிரமாதம்ல!"

அன்று சாயங்காலம் மழை கொட்டியது. ஸ்கூட்டரை நனைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். தலை துவட்டிய கையோடு கணக்கு டீச்சர் பிளாஸ்டிக் உறையிலிருந்து அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். காகிதம் நனையவில்லை. பிசிக்ஸ் சார் நின்றுகொண்டே படிக்க ஆரம்பித்து, பாதியில் உட்கார்ந்துகொண்டார்.

'பாட அறிவு: மிகச் சிறப்பு. விளக்கும் முறை: மிகச் சிறப்பு. கரும்பலகை எழுத்து: கடைசி பெஞ்சிலிருந்து தெளிவாகத் தெரிந்தது. ஆசிரியர் கேட்ட கேள்விகள்: அறுபத்து நான்கு. அவற்றுக்கு ஆசிரியரே சொன்ன பதில்கள்: அறுபத்தொன்று. கேள்விக்கும் பதிலுக்கும் இடையே கொடுத்த நேரம்: ஒரு விநாடிக்கும் குறைவு. கடைசி வரிசை மாணவி ஒருவர் நான்கு முறை பதில் சொல்ல வாய் திறந்தார். நான்கு முறையும் பதில் ஏற்கெனவே சொல்லப்பட்டிருந்தது. தேவைப்படும் பயிற்சி: கேட்டபின் காத்திருத்தல். மூன்று நாள்.'

கடைசி வரியை மறுபடி படித்தார்.

"நான் கெஞ்சினது என்ன, நீ எழுதியிருக்கிறது என்ன?"

"பாத்ததை எழுதறேன்னுதான் சொன்னேன்."

"காத்திருத்தல்! இதுல நான் கையெழுத்துப் போடணுமா? ஸ்டாஃப் ரூம்ல விழுந்து விழுந்து சிரிப்பானுங்க."

"சிரிப்பாங்க," என்றார் கணக்கு டீச்சர். ஈரத் துண்டை உதறிக் கொடியில் போட்டார். "என்னைப் பாத்தும் ஒரு நாள் சிரிச்சாங்க. அதனால ஒண்ணும் ஆயிடல. நோட்டு திருத்தி முடிச்சுட்டேன்."

பிசிக்ஸ் சார் முகத்தில் அடி விழுந்த மாதிரி இருந்தது. விழுந்ததைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கச் சத்தம் போட்டார். "பழி வாங்கத்தானே இப்படி எழுதின? பழிதான்! வேணும்னேதானே? ஆமா, வேணும்னேதான்! நான் அந்த மலைக்குப் போய்த் தொலையணும், அதானே உனக்கு? அதான்!"

"அப்பா," என்றாள் மகள். "இப்பவும் நீங்களே பதில் சொல்லிட்டீங்க. மூணு கேள்வி, மூணு பதில்."

"பாப்பா, நீ படி."

"படிச்சுட்டேன்பா. உங்க லெட்டரையும் சேத்துத்தான் படிச்சேன். அம்மாதான் ரெண்டாவது."

"எதுல ரெண்டாவது?"

மகள் கடிதத்தை எடுத்து வந்து, அவர் படிக்காத வரியில் விரலை வைத்தாள். 'முதலாமவர் விலகும் பட்சத்தில்: கணித ஆசிரியை. ஆறு பயிற்சிகள் முடித்துள்ளார். பரிந்துரைக்கப்படுகிறார்.'

கணக்கு டீச்சர் சமையலறைக்குள் போய்விட்டார். நீல டப்பா திறக்கும் சத்தமும், அரிசி படியில் விழும் சத்தமும் கேட்டன. மலை விஷயமா நானும் உங்ககிட்ட ஒண்ணு என்று திங்கட்கிழமை அவள் ஆரம்பித்தது பிசிக்ஸ் சாருக்கு இப்போது ஞாபகம் வந்தது. அந்த ஒண்ணு என்ன? அவ எங்க போவா, போக மாட்டா என்று பதில் வந்து நின்றது. வழக்கம்போல உடனே வந்தது. ஆனால் வழக்கம்போல அதன்மேல் நம்பிக்கை வரவில்லை.

அன்று மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். மகள் மட்டும் நடுவில், "மழை விட்டுருச்சு," என்றாள். யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஆறரைக்கு ஊசி வந்தது. பிசிக்ஸ் சார் சட்டையைத் தூக்கினார். சுவரைப் பார்த்துத் திரும்பியவர், திரும்பி முடிக்காமல் நின்றார். மனைவி மருந்தை இழுத்து, ஊசியை வெளிச்சத்தில் நிமிர்த்தி, சுண்டி, வயிற்றுச் சதையை இரண்டு விரலால் பிடித்தார். ஊசி அவர் நான்கு வருடமாக நினைத்துக்கொண்டிருந்த அளவில் பாதிகூட இல்லை.

"பாக்கிறீங்க," என்றார் கணக்கு டீச்சர்.

"ம்."

"மூச்சை விடுங்க."

பதினொன்றே முக்காலுக்கு அவர் தலைமையாசிரியை அறைக்குப் போனார். போகிற வழியில் கெமிஸ்ட்ரி சார், "என்ன சார், ஜீப் எப்ப?" என்றார். இவர் நிற்கவில்லை. அறிக்கையை மேசையில் வைத்து, 'மேற்கண்ட குறையை ஏற்கிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டார். பேனா ஒரு முறை எழுதாமல் கீறியது. அதன் மேலேயே அழுத்திப் போட்டார்.

தலைமையாசிரியை ஒரு வரி விடாமல் படித்தார். சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை என்று இருந்தது.

"நல்லா எழுதியிருக்காங்க. நீங்க தப்பிச்சீங்க. அப்ப அடுத்த வரி, கணக்கு டீச்சர். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அவங்க போறாங்களா இல்லையான்னு நான் பதில் அனுப்பணும். கட்டாயம் இல்ல. வேண்டாம்னா வேற பள்ளிக்குப் போயிடும்." பேனா மூடியைக் கழற்றினார். "அவங்க போவாங்களா சார்?"

அறுபத்தைந்தாவது கேள்வி. பதில் நாக்கில் தயாராக இருந்தது. 'போக மாட்டாங்க மேடம்.' மூன்றே சொல். சொல்லிவிட்டால் காலை ஆறரை பத்திரம், நீல டப்பா பத்திரம், ஸ்கூட்டரில் பின் சீட்டு காலியாகாது. அவளுக்குத் தெரியவே தெரியாது. தெரிந்தாலும், புருஷன்தானே சொன்னார் என்று ஊர் சொல்லும். தலைமையாசிரியை எழுதக் குனிந்திருந்தார்.

"அவங்க..." என்றார். "அவங்களைக் கேட்டுட்டு வரேன் மேடம்."

மதியம் முழுக்க இருவருக்கும் அடுத்தடுத்து வகுப்பு. நாலரை மணிக்குக் கடைசி மணி அடித்துப் பிள்ளைகள் வடிந்த பிறகுதான் போக முடிந்தது. ஒன்பதாம் வகுப்பில் கணக்கு டீச்சர் கரும்பலகையை அழித்துக்கொண்டிருந்தார். ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் நேற்றைய மழை தேங்கி நின்றது. காவலாளி தாழ்வாரத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒவ்வொரு அறையாகப் பூட்டிக்கொண்டு வந்தார்.

"டீச்சர்," என்றார் பழக்கத்தில். பிறகு, கேட்டுக்குள் முதல் முறையாக, "ஏம்மா," என்றார்.

கணக்கு டீச்சர் திரும்பினார்.

"அந்த மலைக்கு... உனக்குப் போகணும்னு இருக்கா?"

டஸ்டர் நின்றது. 'இருக்காது, எனக்குத் தெரியாதா' என்று பிசிக்ஸ் சாரின் வாய் திறக்கப் பார்த்தது. உதட்டைக் கடித்து மூடினார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். கட்டைவிரல் சுண்டுவிரலின் அடிக்கணுவைத் தேடிப் பிடித்தது.

ஒன்று.

தாழ்வாரத்தில் ஒரு பூட்டு விழுந்தது. இரண்டு. அவள் டஸ்டரை மேசையில் வைத்துவிட்டுக் கையில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினாள். மூன்று. இவர் ஏதோ சொல்லப்போகிறார் என்று காத்திருந்தாள். இவர் சொல்லவில்லை. நான்கு. நான்கு இவ்வளவு நீளம் என்று இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஐந்து. கணக்குப்படி முடிந்தது. கட்டைவிரல் நிற்காமல் மோதிரவிரலில் மேலே ஏறியது. ஆறு. நடுவிரலுக்குத் தாவியது. ஏழு.

"இருக்கு," என்றார் கணக்கு டீச்சர். "போன வருஷம் பயிற்சியில அந்த மையம் வரப்போகுதுன்னு சொன்னதுலேர்ந்தே இருக்கு."

ஊசி, மகளின் பரீட்சை, அரிசி, அடுப்பு, அத்தனையும் ஒரே நேரத்தில் அவர் நாக்கில் வந்து இடித்துக்கொண்டன. குறுகலான வாசல். எல்லாவற்றையும் உள்ளேயே நிறுத்தினார்.

"அங்க போய் என்ன பண்ணணும்னு நினைக்கிற?" என்று கேட்டார்.

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். முதுகுக்குப் பின்னால், யாருக்கும் தெரியாமல், கட்டைவிரல் மறுபடி சுண்டுவிரலின் அடிக்கணுவுக்கு இறங்கியது.

ஒன்று.